தொண்ணூறு வயதுக்காரர் கையில் போனைக் கொடுக்கும் முன்

முதியவர்களுக்குப் போன் பழக்கித் தர முன்வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களில் பலருக்கு வயது 18, 20. நீங்கள் பார்க்கப்போகிறவர்கள் 85-ஐத் தாண்டியவர்கள். நான் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதன்பிறகு பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் இந்த வேலையைத்தான் செய்துவருகிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1. முதல் நாள் போனைத் தொடவே வேண்டாம். "யாரோட பேசணும்னு ஆசையா இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். பேரன், பேத்தி என்றுதான் முதலில் பதில் வரும். எழுந்துவிடாமல் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருங்கள். தம்பி பெண்டாட்டி, பழைய வீட்டுக்கு எதிர்வீட்டம்மா, கூட வேலை பார்த்த டீச்சர் என்று வேறு பெயர்கள் வர ஆரம்பிக்கும். அவற்றை எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்களைத் தேடிப் பிடிப்பதுதான் உங்கள் வேலையில் பாதி.

பேரப்பிள்ளைகள் அன்பாகத்தான் பேசுவார்கள். ஆனால் "சாப்ட்டீங்களா ஆச்சி?" என்ற கேள்விக்குப் பிறகு இரண்டு பக்கமும் பேச விஷயம் இருக்காது. சம வயதுக்காரர்களிடம் பேச்சு தீராது. எங்கள் தெரு ஆச்சி ஒருவருக்குக் கல்லிடைக்குறிச்சியில் அக்கா இருந்தார். ஒன்றரை மணி நேர பஸ் பயணம்தான். இருவராலும் ஏற முடியாது. இரண்டு வீட்டிலும் போன் உண்டு, எல்லாம் பிள்ளைகளின் சட்டைப்பையில். வருஷக்கணக்காக ஒருவர் குரலை ஒருவர் கேட்கவில்லை. இணைத்துக் கொடுத்தபோது முதல் ஐந்து நிமிஷம் "நல்லாருக்கியா", "யாரு பேசுறது" என்பதிலேயே போயிற்று. பிறகு அப்பா வீட்டுத் தார்சாவில் கிடந்த மரப்பெஞ்சி இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்று ஒரு சண்டை வந்தது பாருங்கள், அன்றைக்கு அந்த ஆச்சி பேசிய அளவுக்கு அவர் பேசி வீட்டில் யாருமே பார்த்ததில்லை.

2. புதுப் போன் வாங்கச் சொல்லாதீர்கள். கையில் பட்டன் போன் இருந்தால் அதுவே போதும். பெரும்பாலான பட்டன் போன்களில் 2 முதல் 9 வரையுள்ள எண்களுக்கு ஆள் ஆளாகப் பதிந்துவைக்கலாம். ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் அழைப்பு போய்விடும். எட்டுப் பேர். 90 வயதில் தினமும் பேச எட்டுப் பேர் இருப்பவர் பாக்கியசாலி. எந்த எண்ணில் யார் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அட்டை வெள்ளையாகவும் மை கறுப்பாகவும் இருக்கட்டும். கண்புரை உள்ளவர்களுக்கு நீல மை சாம்பல்போல் மங்கித் தெரியும்.

3. முகம் பார்த்துப் பேச ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் தொடுதிரை. அதைக் கொடுப்பதற்கு முன் அவர்கள் விரலைத் தொட்டுப் பாருங்கள். விரல்நுனி மின்சாரத்தைக் கடத்துவதை வைத்துத்தான் அந்தக் கண்ணாடி தொடுதலை அறிகிறது. 90 வயதுத் தோல் உலர்ந்துபோயிருக்கும். லேசாகத் தொட்டால் போனுக்குத் தெரிவதில்லை. உடனே அவர்கள் இன்னும் அழுத்தி, இன்னும் நேரம் பிடிக்கிறார்கள். போன் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொண்டு திரையிலுள்ள செயலிப் படங்களை இடம் மாற்றுகிறது, சில சமயம் நீக்கியும்விடுகிறது. "நான் ஒண்ணும் பண்ணலையே, அதுவா போயிருச்சு" என்று ஆச்சி சொன்னால் அது முழு உண்மை. வீட்டில் யாராவது சிரித்தால் தடுத்துச் சொல்லுங்கள்.

பக்கத்தில் ஒரு ஈரத்துணி வையுங்கள், விரலைத் துடைத்துக்கொள்ள. ரப்பர் முனை வைத்த பேனா கடைகளில் கிடைக்கும், கை நடுக்கம் உள்ளவர்களுக்கு அது இன்னும் நல்லது. செட்டிங்ஸில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குப் போய், தொட்டுப் பிடிக்கும் நேரத்தைக் கூட்டிவையுங்கள். முகப்புத் திரையில் நாலே நாலு படம் இருந்தால் போதும். பூட்டும் வசதி இருந்தால் அவற்றை அசையாமல் பூட்டிவிடுங்கள். வீடியோ அழைப்பு வந்தாலும் பழக்கத்தில் காதில் வைத்துக்கொள்வார்கள், அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குக் காதுமடல்தான் தெரியும். ஒரு ஸ்டாண்டில் போனை நிறுத்தி, ஜன்னலைப் பார்த்து அவர்களை உட்காரவையுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டிவிடும்.

4. கத்தாதீர்கள். முதுமையில் முதலில் குறைவது மேல்சுருதி ஓசைகளைக் கேட்கும் திறன். ச, த, ப போன்ற ஓசைகள் மங்கி, உயிரோசை மட்டும் காதில் விழும். "சத்தம் கேக்குது, என்ன சொல்றன்னுதான் புரியல" என்று அவர்கள் சொல்வது இதைத்தான். குழந்தைகளின் மெல்லிய குரல் பிடிபடாமல் போவதும் இதனால்தான். குரலைத் தாழ்த்தி, சின்னச் சின்ன வாக்கியமாக, இடைவெளி விட்டுப் பேசுங்கள். மறுமுனையில் பேசுகிறவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி வைத்திருப்பவர் போனைக் காதுத் துளையில் வைத்தால் பயனில்லை, கருவியின் மைக் மேலே இருக்கிறது. போனைக் கொஞ்சம் உயர்த்தி அதன் அருகில் பிடிக்கச் சொல்லுங்கள்.

5. இந்தத் தலைமுறை போனில் பேசப் பழகியது, வெளியூர் அழைப்பை ஆபரேட்டர் இணைத்துத் தந்த டிரங்க் கால் காலத்தில். புக் செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். அவசரம் என்றால் அர்ஜென்ட், அதைவிட அவசரம் என்றால் லைட்னிங் கால். கட்டணம் பல மடங்கு. மூன்று நிமிஷம் ஆனதும் நாங்கள் நடுவில் வந்து "நீட்டிக்கவா?" என்று கேட்போம். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. "சரி, எல்லாரையும் கேட்டதாச் சொல்லு, வச்சிரட்டா" என்று இரண்டாவது நிமிஷத்திலேயே அவர்கள் முடிப்பதைப் பார்த்து, பேச விருப்பமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மாதக் கட்டணம் ஏற்கெனவே கட்டியாயிற்று, ஒரு நிமிஷம் பேசினாலும் ஒரு மணி நேரம் பேசினாலும் அதே காசுதான் என்பதைச் சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் நம்ப மாட்டார்கள், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அழைக்க வேண்டாம். அந்நேரத்து மணியோசை அவர்களுக்குச் சாவுச் செய்தி.

6. நேரம் தவறாதீர்கள். என் அனுபவத்தில் வேறு எதையும்விட இது முக்கியம். 2020-இல், கொரோனா சமயத்தில், அமெரிக்காவின் டெக்சாஸில் ஓர் ஆய்வு நடந்தது. வீட்டுக்கே உணவு கொண்டுதரும் சேவையில் பதிந்திருந்த 240 பேர், வயது 27 முதல் 101 வரை. அவர்களில் ஒரு பாதிப் பேரோடு நான்கு வாரம் சாதாரண போனில் பேசினார்கள். பேசியவர்கள் 16 பேர், எல்லாரும் 17 முதல் 23 வயதுக்குள், உங்களைப் போல. டாக்டர்கள் இல்லை, சின்னப் பயிற்சி பெற்ற பிள்ளைகள். முதல் ஐந்து நாள் தினமும் பேசினார்கள்; பிறகு வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை மணிக்கு என்பதை மறுமுனையில் இருந்தவர்களே முடிவு செய்தார்கள். அழைப்பு வராதவர்களோடு ஒப்பிட்டால் இவர்களிடம் தனிமையுணர்வும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன. இதில் புதுக் கருவி எதுவும் கிடையாது. அழைக்கும் நேரம் அவர்கள் கையில் இருந்தது, அந்நேரத்துக்கு மணி அடித்தது.

ஆகவே நேரத்தை அவர்கள் சொல்லட்டும். தினசரி காலண்டரில் அந்தந்தத் தாளின் மேல் "மாலை 5, பெங்களூரு பாப்பா" என்று எழுதிவையுங்கள். காலையில் தாளைக் கிழிக்கும்போதே கண்ணில் படும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள். ஏழு மணிக்கு வரும் அழைப்பு திடீரென்று எட்டு மணிக்கு வந்தால் இங்கே ஒரு கிழவி அந்த ஒரு மணி நேரமும் என்னென்ன நினைத்துக்கொண்டிருப்பாள்? முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

7. ரீசார்ஜ் தேதியை உங்கள் போனில் குறித்துக்கொள்ளுங்கள். காலாவதியான சில நாளில் உள்ளே வரும் அழைப்பும் நின்றுவிடும். முதியவர்களோ, பிள்ளைகள் மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

8. இணைப்பு கிடைத்ததும் அறையை விட்டு வெளியே வாருங்கள். மருமகளையும் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே கூட்டி வந்துவிடுங்கள். பிறர் வீட்டில் ஒடுங்கி வாழும் முதியவர் ஸ்பீக்கரில், எல்லார் முன்னாலும், என்ன பேசுவார்? "நல்லா பாத்துக்கிறாங்க" என்பார், அவ்வளவுதான். யார் உதவியும் இல்லாமல், தனியாக, ஒரே ஒரு எண்ணை அழைக்கவாவது கற்றுக்கொடுங்கள். ஏதோ சரியில்லை என்று தோன்றினால் முதியோருக்கான உதவி எண் 14567 இருக்கிறது, நீங்களும் அழைக்கலாம்.

9. திருட்டு அழைப்புகளைச் சொல்லிப் பயமுறுத்தினால் எந்த அழைப்பையும் எடுக்காமல் விட்டுவிடுவார்கள். ஒரே விதி போதும்: பணம், பேங்க், போலீஸ், ஆதார், இந்த நாலில் ஒன்று பேச்சில் வந்தால் பதில் சொல்லாமல் வைத்துவிட்டு மகளை அழைக்க வேண்டும். போலீஸ் என்று சொல்லி போனிலேயே கைது செய்வதாக மிரட்டுவார்கள்; அப்படி டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போது வைப்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் அவர்கள். அதனால் வைக்கப் பழக்க வேண்டும். நீங்களே அடுத்த அறையிலிருந்து "பேங்கிலிருந்து பேசுறேன்" என்று அழையுங்கள், அவர்கள் துண்டிக்கட்டும்; தயங்காமல் துண்டிக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பணம் போய்விட்டால் கொஞ்சமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

தெரியாத எண்களை மொத்தமாகத் தடுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். தனியாக இருப்பவருக்கு அது வேண்டாம். கேஸ் சிலிண்டர்காரரும் ஆஸ்பத்திரியும் தெரியாத எண்ணிலிருந்துதான் அழைப்பார்கள்.

10. போனில் இறந்துபோனவர்களின் எண்கள் இருக்கும். கேட்காமல் அழிக்காதீர்கள்.

11. வேண்டாம் என்கிறவரை விட்டுவிடுங்கள். அவருக்கு வாரம் ஒருமுறை நீங்கள் நேரில் போய் உட்காருவதே பிடிக்கிறதென்றால் அப்படியே செய்யுங்கள்.

12. படிப்பு முடிந்து வேலைக்கு வெளியூர் போவீர்கள். திடீரென்று நிற்காதீர்கள். ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள், அடுத்து வரும் பிள்ளையைக் கூட்டிப் போய் நேரில் காட்டுங்கள், முதல் சில அழைப்புகளில் மூன்று பேருமாகப் பேசுங்கள். அந்தப் பிள்ளையின் பெயரைச் சுவர் அட்டையில் அவர்கள் கையாலேயே எழுதவையுங்கள். உங்கள் பெயரையும் எண்ணையும் அழிக்க வேண்டாம். புது ஊரில் வேலைக்குச் சேர்ந்ததும், முதல் ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் சொன்ன நேரத்துக்கு அழையுங்கள்.