இரத்த அழுத்தமும் மாரடைப்பும்

"எனக்குத் தலையிடி இல்லை, தலைச்சுற்று இல்லை, பிறஷரும் இருக்காது" என்று சொல்வோர் எம்மவரிடையே பலர். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எவ்வித அறிகுறியும் காட்டுவதில்லை. அளந்தால் மட்டுமே தெரியும்.

நான் வைத்தியன் அல்லன், கணக்காளன். ஆயினும் இந்நோயின் ஆபத்தைக் கண்டறிந்ததே கணக்குத்தான் என்பதால் எழுதத் துணிந்தேன்.

வயது ஏற அழுத்தமும் ஏறுவது இயல்பு என்றே முன்னர் வைத்தியர்கள் பலரும் கருதினர். 1948ஆம் ஆண்டு அமெரிக்காவில், மசாசூசெற்ஸ் மாநிலத்தின் பிறேமிங்ஹாம் என்னும் ஊரில் 5,209 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. அவர்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதித்து, யாருக்கு இதயநோய் வந்தது, அதற்கு முன் அவரது அழுத்தம் எவ்வளவு என்று பதிந்தார்கள். அழுத்தமும் கொலஸ்ட்ரோலும் கூடியவர்களுக்கே இதயநோயும் கூட என்பது 1961இல் வெளியாயிற்று.

2002இல் பத்து இலட்சம் பேரின் விபரங்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தனர். 40 முதல் 69 வயதுள்ளோரில், மேல் இலக்கம் 115க்கு மேல் ஒவ்வொரு 20 கூடும்போதும் மாரடைப்பு போன்ற இதயநோயால் இறக்கும் வாய்ப்பு இரு மடங்காகிறது. 135இல் இரண்டு, 155இல் நான்கு, 175இல் எட்டு மடங்கு. கூட்டுவட்டி போலத்தான். 139 என்றால் பயமில்லை, 141 என்றால் பயம் என்ற கோடு எதுவும் இங்கில்லை.

அழுத்தம் கூடினால் இரத்தக் குழாயின் உட்சுவர் பழுதடையும். அவ்விடத்தில் கொழுப்புப் படியும். ஒருநாள் அப்படிவு வெடித்து, இரத்தம் உறைந்து, குழாயை அடைத்துவிடும். சலரோகமும் புகைத்தலும் சேர்ந்தால் இது விரைவுபடும். தென்னாசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது என்றும், ஏனையோருக்கு ஏறக்குறைய 59இல் என்றும் 2007இல் வெளியான ஆய்வொன்று கூறியது. பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் படிக்கும் வயது அது!

எம்மவர் செய்யும் பெரிய பிழை, அளவு சரியாக வந்ததும் குளிசையை நிறுத்துவது. சரியாக வந்ததே குளிசையால்தான். மாறாக, எழும்பும்போது தலை சுற்றினால் அழுத்தம் மிகவும் இறங்கியிருக்கலாம். அப்போதும் தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் மூன்றும் ஒரே இலையில் வேண்டுமா என்பதையும் வீட்டில் யோசிக்கலாம்.

அளக்குமுன் அரை மணி நேரம் தேநீர், கோப்பி, சிகரெட் கூடாது. ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்திருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து இரண்டு முறை அளந்து, திகதியுடன் கொப்பியில் எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள்.