ஆர்ட்ஸ் பாஸான பிள்ளையை எந்தக் கம்பஸுக்கு அனுப்புவது?

ஏ.எல். முடிவு வந்ததும் லயத்தில் எழும் முதல் கேள்வி, "ஆர்ட்ஸ் படிச்சு என்னத்துக்கு ஆகும்?" என்பதுதான். கலைப் பட்டதாரி ஆசிரியர் சேவைக்கும் விண்ணப்பிக்கலாம், நிர்வாக சேவைப் பரீட்சைக்கும் தோற்றலாம். நம்ம கஷ்டத்தைத் தமிழில் கேட்டுச் சிங்களத்தில் எழுதக்கூடிய ஓர் உத்தியோகத்தர் இல்லாமல் கச்சேரிக்கு நாம் நடந்த நடை கொஞ்சமா? ஆகவே, எங்கே படிப்பது என்பதையே இங்கு பார்ப்போம்.

ஒரே தடவையில் மூன்று பாடமும் சித்தியடைந்து, பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியாவது எடுத்திருந்தால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதில் விருப்ப வரிசை எழுத வேண்டும். இசட் புள்ளியையும் இந்த வரிசையையும் பார்த்தே இடம் கிடைக்கிறது. நம்மவர்கள் பெரும்பாலும் பெயரைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். பேராதனை பெரிய இடம், பழைய இடம்; 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் அங்கு வந்தது. ஹட்டன், நாவலப்பிட்டிப் பிள்ளைகளுக்குக் கிட்டவும்கூட. ஆனால் எல்லாப் பாடமும் தமிழில் நடக்கும் என்று எண்ணிப் போய்விடக் கூடாது. பிள்ளை விரும்புகிற பாடம் எந்த மொழிமூலத்தில் நடக்கிறதென்று, அங்கே படிக்கிற நம்ம பிள்ளை ஒருவரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள்.

சின்ன இடம் என்றால் மட்டமான இடம் என்று நாம் நினைக்கவில்லை. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமானது. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1995இல் கல்லூரியாகவும் 1996இல் பல்கலைக்கழகமாகவும் வந்தது. இருபது பேர் படித்த ஏ.எல். வகுப்பிலிருந்து போகிற பிள்ளை, நூற்றுக்கணக்கானோர் உட்காரும் மண்டபத்தில் வாய் திறக்காமலே ஒரு வருடத்தைக் கழித்துவிடும். பிள்ளைகள் குறைந்த துறையில் விரிவுரையாளருக்குப் பெயர் தெரியும், கட்டுரையைத் திருத்தித் தருவார். முதல் வருடப் புள்ளிகளை வைத்துத்தான் பெரும்பாலும் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு எடுப்பதால் இது சின்ன விஷயமல்ல.

தூரத்தையும் படத்தில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பதுளையிலிருந்து போகும் வீதி செங்கலடியில்தான் முடிகிறது. அங்கிருந்து வந்தாறுமூலை பக்கம். பதுளைப் பக்கத்துப் பெற்றோர் இதை யோசிக்கலாம். சங்கீதம், நடனம், நாடகத்தில் கெட்டிக்காரப் பிள்ளையென்றால் மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அதற்குத் தனியாக உளச்சார்புப் பரீட்சை உண்டு.

ஆசிரியராவதே ஆசையென்றால் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியை மறக்க வேண்டாம். இதுவரை நடந்த முறையில் இரண்டு வருடம் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் பயிற்சி. கிடைப்பது பட்டமல்ல, டிப்ளோமா. ஆனால் வேலை பார்த்துக்கொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுக்கலாம். இதற்கான விண்ணப்பத்தை வர்த்தமானியில் வேறாகக் கோருவார்கள்.

பெண் பிள்ளையை "விடுதியில விட பயமா இருக்கு" என்று இடம் கிடைத்தும் அனுப்பாத வீடுகளை நாம் பார்க்கிறோம். பகிடிவதைப் பயம் பொய்யல்ல. அதற்கு எதிராக 1998இலேயே சட்டம் வந்திருக்கிறது. முதல் வருடத்துக்கு விடுதி உண்டா, யாரிடம் முறையிடுவது என்று முன்பே கேளுங்கள். இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் காசு இல்லை. மகாபொலவோ நிதியுதவியோ கிடைத்தாலும் முதல் மாதங்களில் கைக்கு வராது. அதுவரை சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் சீட்டுக் காசில் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். நகையை அடகு வைத்துத் தனியார் நிறுவனத்தில் சேர்ப்பதானால், அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று எழுத்தில் வாங்கிய பிறகு கட்டுங்கள்.

விண்ணப்பம் இப்போது இணையத்தில்தான். டவுன் கடையில் நிரப்பும்போது கடைக்காரர் தன்னுடைய மின்னஞ்சலையும் போன் நம்பரையும் போட்டுவிடுவது உண்டு. பிறகு வரும் அறிவித்தல் பிள்ளைக்குத் தெரியாமலே போகும். பிள்ளையின் பெயரில் மின்னஞ்சல் திறந்து, கடவுச்சொல்லை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.