கமகத்தைப் பின்தொடரும் கணினி: குரலிசைக்கு மின்னணுத் துணை அமைக்கும் முறை

பாடகரின் குரலைக் கணினி அந்தக் கணமே கேட்டு, அதற்கேற்பப் புதிய ஒலியைத் திருப்பித் தரும் கச்சேரிமுறையில், பதிவுசெய்த இசைத்தடத்துக்குப் பாடுவதைப் போலன்றி, காலத்தை நிர்ணயிப்பவர் பாடகரே ஆவார். இதற்கான பியூர் டேட்டா என்னும் மென்பொருளை மில்லர் பக்கெட் 1990-களில் உருவாக்கினார். அது இலவசமாகக் கிடைப்பதால், பிள்ளைப்பாக்கம் சிப்காட் தொழிற்பூங்காவை ஒட்டிய ஒரு சிறு கூடத்தில்கூட மடிக்கணினி, ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், இரண்டு ஸ்பீக்கர் ஆகியவற்றைக் கொண்டே இத்தகைய கச்சேரியை நடத்திவிடலாம்.

முதலில் மின்சாரத்தைக் கவனிக்க வேண்டும். எர்த் சரியில்லாத இணைப்பில் எழும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலைப் பாடகர் மூச்சு விடும் இடைவெளிகளில் கணினி ஒரு சுரமாகவே எண்ணிவிடும் என்பதால், எல்லாக் கருவிகளையும் ஒரே எர்த் இணைப்பில் சேர்த்து, மைக்குக்கு எக்ஸ்.எல்.ஆர் கேபிளைப் பயன்படுத்தி, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளவற்றை வடிகட்டிவிடுவது நல்லது. ஒரு கட்டையில் பாடும் ஆண்குரலின் மந்திரப் பஞ்சமம் ஏறத்தாழ 98 ஹெர்ட்ஸ் என்பதால் வடிகட்டி அதைத் தொடாது. மின்தடையின்போது ஜெனரேட்டருக்கு மாறும் இடைவெளியைத் தாங்க, ஆடியோ இன்டர்ஃபேஸுக்கும் ஸ்பீக்கருக்கும் யு.பி.எஸ். தேவை.

அடுத்தது சுருதி. பியூர் டேட்டாவில் சிக்மண்ட் என்னும் பகுதி சுர உயரத்தை எண்ணாகத் தருகிறது: ஒரு கட்டை ஆண்குரலின் ஷட்ஜம் 48, ஐந்து கட்டைப் பெண்குரலின் ஷட்ஜம் 55. வரும் எண்ணிலிருந்து பாடகரின் ஷட்ஜத்தைக் கழித்துவிட்டால் எவர் பாடினாலும் ஷட்ஜம் 0 ஆகும்; தம்புராவோடு இழைந்த பஞ்சமம் 7.02 என வரும். அந்தத் தசமத்தை முழு எண்ணாக்குவது பெரும் பிழை. திரைப்பாடல் பதிவில் பயன்படும் ஆட்டோ டியூன் இங்கே சுரத்தின் அசைவான கமகத்தையே அழித்துவிடும்.

கமகமே இம்முறையின் கடினமான பகுதி. தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைவதால், அதைக் கணினியின் ஒலியைத் தொடங்கிவைக்கும் தூண்டுசுரமாக வைத்தால் கணினி தடுமாறும். ஆகவே, ஷட்ஜத்திலோ பஞ்சமத்திலோ குரல் அரை நொடி நிலைத்து நிற்கும் கார்வையையே புதிய ஒலி தொடங்கும் அடையாளமாகக் கொள்ள வேண்டும். சுரத்தை அளக்க சிக்மண்ட் எடுத்துக்கொள்ளும் வழக்கமான 1024 மாதிரிச் சாளரத்துக்கே ஏறத்தாழ 23 மில்லிநொடி ஆகும் என்பதால், துரிதகால பிருகாக்களைத் துரத்தச் சொல்லாமல், ஆலாபனையின் நீண்ட கார்வைகளுக்கு மட்டும் கணினியைப் பதில் சொல்ல வைப்பதே விவேகம்.

மின்னணுத் தம்புராவின் ஒலி மைக்குக்குள் கசிந்தால் கணினி பாடகரை விட்டுத் தம்புராவையே பின்தொடரும். எனவே அதைப் பாடகரின் காதொலிப்பானில் மட்டும் தருவது உத்தமம். மிருதங்கத்தைச் சற்றுத் தள்ளி அமர்த்தி, ஒருதிசை மைக்கை வாய்க்கு நான்கு விரற்கடைத் தூரத்தில் வைக்க வேண்டும். கணினியின் ஒலி முழுவதையும் ஒரே மிதிப்பில் நிறுத்தும் கால்விசை பாடகரின் வசமே இருக்க வேண்டும். ஆலாபனை முடிந்ததும் அதை மிதித்துவிடலாம்.