அஞ்சியவனின் துணிவு

கோதுமையைப் போரடிக்கக் காற்று வேண்டும். ஆகவே களம் திறந்த மேட்டில் அமைவதே வழக்கம். கிதியோனோ திராட்சை பிழியும் ஆலையின் குழிக்குள் மறைந்து நின்று கோதுமையைத் தட்டிக்கொண்டிருந்தான். வெளியே தெரிந்தால் மீதியானியர் பறித்துச் செல்வர் என்ற அச்சமே காரணம். விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூல், 6ஆம் அதிகாரத்தில், தன் வீரனை இவ்வாறுதான் அறிமுகம் செய்கிறது.

7 ஆண்டுகளாக மீதியானியர் விளைச்சற் காலந்தோறும் ஒட்டகங்களில் வந்திறங்கி இஸ்ரவேலரின் பயிரையும் ஆடுமாடுகளையும் அழித்து வந்தனர். மக்கள் மலைக்குகைகளில் ஒளிந்து வாழ்ந்தனர். அந்நிலையில் ஒப்ரா என்னும் ஊரில் ஒரு கர்வாலி மரத்தடியில் தோன்றிய இறைதூதர், ஒளிந்து நின்றவனைப் பராக்கிரமசாலி என்று அழைக்கிறார். கிதியோனின் மறுமொழியோ ஒரு முறையீடு. இறைவன் உடனிருக்கிறார் என்றால் இத்தனை துன்பம் ஏன், முன்னோர் சொன்ன அற்புதங்கள் எங்கே என்று கேட்கிறான். தன் குடும்பம் மனாசே குலத்தில் எளியது, அதிலும் தான் கடைசியானவன் என்கிறான். இறைவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. துன்பத்திற்கு விளக்கமும் தரவில்லை. போகும்படி பணிக்கிறார், உடனிருப்பதாக வாக்களிக்கிறார். அவ்வளவே.

முதற்பணி போர்க்களத்தில் அன்று, சொந்த வீட்டிலேயே காத்திருந்தது. தந்தை யோவாசுக்கு உரிய பாகாலின் பலிபீடத்தை இடிக்க வேண்டும். வீட்டாருக்கும் ஊராருக்கும் அஞ்சிய கிதியோன், 10 வேலையாட்களுடன் இரவில் அதை இடித்தான். இதைக் கோழைத்தனம் எனச் சிலர் கூறக்கூடும். ஆனால் பொழுது விடிந்தபோது பீடம் அங்கே இல்லை. அவனைக் கொல்ல வேண்டுமென்று ஊரார் திரண்டனர். அப்போது முன்வந்து நின்றவர் தந்தையே. பாகால் தெய்வமானால் தனக்காகத் தானே வழக்காடட்டும் என்று அவர் சொல்லிவிட்டார். மகன் நடுங்கிக்கொண்டு செய்த செயல், தந்தையிடம் அதுவரை காணாத துணிவை எழுப்பியது.

ஆட்டுத்தோலைக் களத்தில் விரித்து இருமுறை அடையாளம் கேட்ட நிகழ்ச்சியைப் பலர் விசுவாசத்திற்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. வாக்குறுதி முன்னரே கிடைத்துவிட்டது என்பதை நினைத்தால், அது ஐயத்தின் செயல் என்பதே பொருத்தம். இறைவன் அதற்கும் இணங்கினார் என்பது அவரது பொறுமையைக் காட்டுகிறது; இறைவனைச் சோதிப்பதற்கு அது முன்மாதிரி ஆகாது.

பிறகு ஆரோத் நீரூற்றருகே 32,000 பேர் கூடினர். அஞ்சுவோர் திரும்பலாம் என்று அறிவிக்கப்பட்டதும் 22,000 பேர் சென்றுவிட்டனர். எஞ்சிய 10,000 பேரும் நீர் அருந்திய முறையால் பிரிக்கப்பட்டு, 300 பேர் மட்டுமே நிறுத்தப்பட்டனர். வெற்றி தன் கையால் வந்தது என்று இஸ்ரவேல் பெருமை கொள்ளாதிருக்கவே இக்குறைப்பு என நூல் கூறுகிறது.

அன்றிரவு நடந்ததுதான் இக்கதையின் மிக நுட்பமான இடம். பகைவரின் பாளையத்தைக் கிதியோனின் கையில் ஒப்படைத்ததாகக் கூறிய இறைவன், போக அஞ்சினால் முதலில் வேலைக்காரன் பூராவை உடன் அழைத்துக்கொண்டு இறங்கி, அங்கே பேசப்படுவதைக் கேட்குமாறு சொல்கிறார். கிதியோன் பூராவுடன் சென்றான். அதற்குமேல் ஒப்புதல் வாக்குமூலம் தேவையில்லை. அஞ்சுவோரை வீட்டுக்கு அனுப்பிய அந்தச் சேனையின் தலைவனே அஞ்சிக்கொண்டிருந்தான்! திரும்பிச் சென்ற 22,000 பேரிடம் இருந்த அச்சம் அவனிடமும் இருந்தது. அவர்கள் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். அவன் அதை இறைவனிடம் எடுத்துச் சென்று, பிறகு பணித்த திசையிலேயே நடந்தான். வேறுபாடு இவ்வளவுதான், ஆயினும் இது சிறிதன்று.

இருளில் அவன் கேட்டது ஒரு போர்வீரன் கண்ட கனவு. வாற்கோதுமை அப்பம் ஒன்று உருண்டு வந்து கூடாரத்தைக் கவிழ்த்ததாம். ஏழைகளின் உணவு அது. அது கிதியோனின் வாளே என்று தோழன் பொருள் சொன்னான். ஒட்டகங்களும் பெருஞ்சேனையும் கொண்ட பகைவரும் தன்னைப் போலவே அஞ்சிக் கிடந்ததைக் கிதியோன் அறிந்தான். அங்கேயே பணிந்து வணங்கினான். பானைகளுக்குள் மறைத்த தீவட்டிகளும் எக்காளங்களும் ஏந்தி 300 பேர் பெற்ற வெற்றி யாவரும் அறிந்ததே.

வென்றவனை அரசாளும்படி மக்கள் வேண்டியபோது, ஆள்பவர் இறைவனே என்று அவன் மறுத்தான். ஆனால் கொள்ளையில் கிடைத்த பொற்கடுக்கன்களைக் கேட்டு வாங்கினான். அவற்றின் எடை 1,700 சேக்கல். அப்பொன்னால் குருவின் மேலாடையான எபோத்து ஒன்றைச் செய்து, இறைதூதர் வந்து அமர்ந்த அதே ஒப்ராவில் வைத்தான். மக்கள் அதையே வழிபடலாயினர்; அது அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் கண்ணியாயிற்று. அஞ்சிய நாட்களில் அடிக்கு அடி இறைவனிடம் கேட்டவன், இதைச் செய்யுமுன் அவரைக் கேட்டதாக நூலில் ஒரு சொல்லும் இல்லை.