நந்தனில் படம் பார்க்க

கொல்கத்தா போகிறேன். 'நந்தன்' திரைப்பட மையத்தில் வெளியூர்க்காரர்கள் படம் பார்க்க முடியுமா? உறுப்பினராக இருக்க வேண்டுமா?
— வாசகர், திருச்சி

தாராளமாகப் பார்க்கலாம். உறுப்பினர் அட்டையெல்லாம் வேண்டாம். டிக்கெட் எடுத்தால் போதும். மேற்கு வங்க அரசே நடத்துவதால் கட்டணம் மல்டிப்ளெக்ஸைவிட மிகக் குறைவு. ரவீந்திர சதன் மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.

1985 செப்டம்பர் 2-ல் இதைத் திறந்துவைத்தவர் சத்யஜித் ராய். அதன் சின்னமும் அவர் வரைந்ததுதான். அவசரத்தில் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். பெரிய தியேட்டர்கள் சீண்டாத சிறிய வங்காளப் படங்களுக்கு இங்கே திரை கிடைக்கிறது. ஓர் அரசு செய்யக்கூடிய அருமையான காரியம் இது!

1995-ல் தொடங்கிய கொல்கத்தா சர்வதேசத் திரைப்பட விழாவின் முக்கிய அரங்கமும் இதுவே. விழா சமயத்தில் கூட்டம் நெரியும். சாவகாசமாகப் பார்க்க வேண்டுமானால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.