கடைக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

நம் மகன் மாலையில் கல்லா அருகே நிற்பான். வாடிக்கையாளர் ஐம்பது வெள்ளி நோட்டை நீட்டினால், மீதிச் சில்லறையை நாம் கேட்குமுன்னே சொல்லிவிடுவான். அதே பிள்ளை பள்ளிப் பரீட்சையில் கணக்கில் தவறினான். "சோம்பேறி" என்று கடிந்துகொண்டோம். நாம் கடிந்தது தவறு என்பதைப் பின்னரே அறிந்தோம்.

பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில், தெருவில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சி 1985-இல் வெளிவந்தது. விற்கும் இடத்தில் கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரி. அவ்வகைக் கணக்குகளையே வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது, நூற்றுக்கு 37 தான் சரி. தேங்காய் ஒன்று 35 என்றால் பத்துக்கு எவ்வளவு? ஒரு சிறுவன் மூன்றுக்கு 105, ஆறுக்கு 210, ஒன்பதுக்கு 315, பத்துக்கு 350 என்று கூட்டிச் சொன்னான். பத்தால் பெருக்க ஒரு பூஜ்யம் போட்டால் போதும் என்ற பள்ளிப் பாடத்தை அவன் நாடவில்லை.

கல்கத்தா, டில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி 2025-இல் வந்த ஆராய்ச்சியும் இதையே காட்டிற்று. அவர்கள் பள்ளிக் கணக்கில் தடுமாறினர். பள்ளிக் கணக்கில் தேர்ந்த பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினர். ஆகவே குறை மூளையில் இல்லை. இரண்டு கணக்கும் ஒன்றே என்று எடுத்துக் காட்டுவார் இல்லை என்பதே குறை.

இன்னொன்றும் உண்டு. கணக்கென்றால் அஞ்சும் பெற்றோர் அடிக்கடி வீட்டுப்பாடத்தில் உதவினால், பிள்ளை அவ்வாண்டில் கற்பது குறைகிறது, அச்சமும் ஒட்டிக்கொள்கிறது. அமெரிக்காவில் முதலிரண்டு வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சி கூறுவது இது. நாம் படித்தது தொடக்கப் பள்ளியோடு சரி. "நம் குடும்பத்துக்கே கணக்கு வராது" என்று பிள்ளை காதுபட எத்தனை முறை சொல்லியிருப்போம்!

இப்போது கடை அடைத்தபின் பத்து நிமிடம் மகனோடு உட்காருகிறோம். கிலோ 4 வெள்ளி 20 காசு வீதம் மூன்று கிலோ வெங்காயம் என்ன விலை? "மூன்று நான்கு பன்னிரண்டு, மூன்று இருபது அறுபது, 12 வெள்ளி 60 காசு" என்கிறான். வாயால் சொன்னதை அப்படியே எழுதச் சொல்கிறோம். பக்கத்தில் புத்தக முறையிலும் போடச் சொல்கிறோம். இரண்டு விடையும் ஒன்றாக வருவதை அவனே பார்க்கிறான். பரீட்சை நெருங்கினால் அவனைக் கடைக்கு அழைப்பதில்லை.

மகன் இன்னும் முதல் மாணவன் ஆகிவிடவில்லை. ஆனால் கணக்குப் புத்தகத்தை யாரும் சொல்லாமல் தானே எடுக்கிறான். இதை நீங்களும் செய்து பாருங்கள்.