பச்சைவீட்டுச் சாளரத்தை மின்தண்டினால் அளவோடு திறத்தல்

மலைநாட்டுக் கமக்காரர் பலர் பச்சைவீடுகளில் தக்காளியும் குடைமிளகாயும் பயிரிடுகின்றனர். வெயில் ஏறும்போது கூரைச் சாளரத்தைத் திறவாவிடின் உள்வெப்பம் விரைந்து உயரும். 32 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் நீடிப்பின் தக்காளியின் மகரந்தம் வலுவிழந்து, பூக்கள் காயாகாது உதிரும். பெருங்காற்றில் சாளரம் முற்றாகத் திறந்திருப்பினோ பொலித்தீன் உறை கிழியும். ஆகவே சாளரத்தை வேண்டிய அளவிற்கு மட்டும் திறத்தல் வேண்டும்.

மின்தண்டின் அமைப்பு

கடைகளில் 'லீனியர் அக்சுவேற்றர்' எனப்படும் மின்தண்டினுள் 12 வோல்ற்று மோட்டர் ஒன்றும் நீண்ட திருகாணி ஒன்றும் உள்ளன. மோட்டர் சுழலத் திருகாணி தண்டினை வெளியே தள்ளும். மின்கம்பிகளை முனைமாற்றிக் கொடுப்பின் தண்டு உள்ளே திரும்பும். இரு எல்லைகளிலும் மோட்டரைத் தாமாக நிறுத்தும் ஆளிகள் பெரும்பாலானவற்றில் உண்டு. இடையில் நிறுத்துவதற்கு அவை உதவா.

"இத்தனை விநாடி ஓட்டினால் பாதி திறக்கும்" எனக் கணக்கிடுதல் தவறு. பற்றரி தளர்ந்தாலும் காற்று எதிர்த்தாலும் தண்டு மெதுவாகச் செல்லும். ஒவ்வொரு முறையும் நேரும் சிறு பிழை நாளடைவில் பெருகும். எனவே தண்டு நிற்கும் இடத்தை அளந்தறிதல் இன்றியமையாதது.

நிலையுணரி இருவகை

முதலாவது வகை மாறுந்தடை. தண்டு நகர அதன் நடுக்கம்பியின் வோல்ற்றளவு மாறும். மின்வெட்டின் பின்னரும் இது சரியான இடத்தையே காட்டும். இரண்டாவது வகையான ஹோல் உணரி, மோட்டர் சுழலும்போது எழும் துடிப்புக்களை எண்ண உதவும். மின் நின்றால் எண்ணிக்கை அழிந்துபோகக் கூடுமாதலால், தண்டினை முற்றாக உள்ளிழுத்து மீண்டும் எண்ணத் தொடங்குதல் வேண்டும். மின்வெட்டு மிகுந்த இடங்களுக்கு முதலாவதே ஏற்றது.

அளவு குறித்தல்

ஆர்டுயினோ யூனோ போன்ற கட்டுப்பாட்டுப் பலகை 0 முதல் 5 வோல்ற்று வரையுள்ள அளவை 0 முதல் 1023 வரையான எண்ணாகக் காட்டும். 200 மி.மீ. நீளும் தண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது முற்றாக உள்ளே இருக்கையில் எண் 40, முற்றாக நீண்டபோது 960 எனின், வேறுபாடு 920 ஆகும், ஒரு மி.மீ.க்கு 4.6 எண். தண்டு 100 மி.மீ. நீள வேண்டுமாயின் குறியெண் 40 + 460 = 500. இவ்வெண்கள் தண்டுக்குத் தண்டு வேறுபடும். பொருத்திய பின் தாமே அளந்து குறித்தல் வேண்டும்.

நிறுத்தும் முறை

சரியாக 500 இல் நிறுத்த முயலின், தண்டு சிறிது தாண்டிச் செல்லும்; பின் திரும்பும்; மீண்டும் தாண்டும். இவ்வாறு அலைவதால் றிலேயின் தொடுகைகள் கருகி மோட்டரும் சூடேறும். ஆதலால் 490 முதல் 510 வரை எவ்விடமும் சரியெனக் கொண்டு நிறுத்துக. இதனால் வரும் வேறுபாடு ஏறக்குறைய 2 மி.மீ. மட்டுமே, பயிருக்கு அதனாற் கேடில்லை.

காப்பு முறைகள்

1. மின் கொடுத்து ஒரு விநாடி கழிந்தும் எண் மாறாவிடின் சாளரம் சிக்கியிருத்தல் கூடும். உடனே மின்னை நிறுத்துக.

2. மாறுந்தடையின் முனைக்கம்பி அறுந்தால் எண் 0 அல்லது 1023 ஆகும். நடுக்கம்பி அறுந்தால் எண் தாறுமாறாக அலையும். இவ்விரு நிலைகளிலும் மோட்டரை ஓட்டலாகாது.

3. திசை மாற்றுமுன் தண்டு முற்றாக நிற்கவிடுக.

4. மோட்டர்க் கம்பியில் தகட்டிற் குறித்த மின்னோட்டத்திற்கேற்ற உருகியை இடுக.

5. தகட்டில் வேலைவீதம் 25 சதவீதம் எனின், 5 நிமிட ஓட்டத்திற்கு 15 நிமிட ஓய்வு தேவை.

6. மின்தண்டினைச் சாளரத்துடன் கையாற் கழற்றக்கூடிய ஆணியினாற் பிணைக்குக. மின் அற்ற நண்பகலில் பயிரைக் காப்பது அவ்வாணியே.

7. பழுதுபார்க்குமுன் மின்னைத் துண்டிக்குக. சிறு மின்தண்டும் விரலை நசுக்கும் வலுவுடையது.

மாதம் ஒருமுறை இரு எல்லை எண்களையும் மீண்டும் அளந்து, முன்னர்க் குறித்தவற்றுடன் ஒப்பிடுக. எண்கள் விலகியிருப்பின் பிணைப்பாணி தளர்ந்துள்ளதா, ஈரம் புகுந்துள்ளதா என முதலிற் பார்க்குக. மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுவாராக.